முப்பத்திரண்டாவது புகைபோக்கி

யோகிபெரா
14 அக்டோபர் 1951

அன்புத் தம்பி ஆர்மாஸுக்கு,

அக்கா ஹெல்வி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே சத்தம் போடுகிறது. ஹெல்சிங்கிக் கரிப்புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். நாற்பத்தொரு வயதில் என்ன அவசரம் என்று கேட்காதே, இந்த வயதில்தான் அவசரம். மாப்பிள்ளை, ஓடைக்கு அந்தப் பக்கத்து மீத்ரி. போரில் எல்லை மாறியபோது கரேலியாவில் வீடு வாசலை விட்டுவிட்டு, தன் அக்கா பலாகாவோடும் ஒரு மாட்டோடும் வந்து இறங்கினாரே, அவர்தான். அவர் கோயில் வேறு, நம் கோயில் வேறு. அதைப் பாதிரியார்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பிப்ரவரியில், மெழுகுவர்த்தித் திருநாளன்று கல்யாணம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த வீட்டு ஆள் என் வாசப்படியத் தாண்டக் கூடாது. நானும் அவன் படிய மிதிக்க மாட்டேன்" என்றார், அவ்வளவுதான். அகதிகளுக்காக அரசாங்கம் நிலம் எடுத்தது எல்லார் வீட்டிலும் நடந்தது, அதை அவர் மன்னித்துவிட்டார். நம் மேட்டு நிலம் சும்மா கிடக்க, மீத்ரி வந்து நின்று ஆற்றோர வயலைக் கைகாட்டி வாங்கினார் என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

என் கல்யாணம் எப்படியும் நடக்கும். ஆனால் ஓடைக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ எனக்கு இஷ்டமில்லை. அப்பா ஒரே ஒரு முறை அந்த வீட்டுக்குள் போய்வர வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: நூட்டித் திருநாளில் அவர் கட்டும் ஆட்டு வேஷம். ஜனவரி பதின்மூன்றாம் தேதி கொம்பு கட்டிக்கொண்டு முப்பது வருடம் ஊரைச் சுற்றியவர், மீத்ரி வந்த வருடத்திலிருந்து முகமூடியைப் பரணில் போட்டுவிட்டார். ஆடு வந்தால் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். போகவும் மனமில்லை, சட்டத்தை மீறவும் மனமில்லை. அதனால் ஊருக்கே ஆடு இல்லை.

நீ வேலை பார்க்கும் நாட்டுப்புற வழக்கக் காப்பகத்திலிருந்து ஊர் ஊருக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறீர்களே, ஆட்டைப் பற்றி ஒன்றை அவருக்கு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் வர வேண்டும். நீ ஊர்ப்பக்கம் வந்து ஆறு வருடமாகிறது.

அன்புடன்,
ஹெல்வி


ஹெல்சிங்கி
2 நவம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இருமல் என்னோடு சேர்ந்து வாடகை வீட்டில் குடியிருக்கிறது. கல்யாணச் செய்தி படித்து எழுந்து நின்றுவிட்டேன். மீத்ரி நல்ல மனிதர். அன்றைக்குப் பார்த்தபோதே எனக்கு அப்படித்தான் பட்டது.

கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறேன், ஐந்து தாள். ஐந்தும் நிரம்பித் திரும்பி வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் எங்கள் துறைத்தலைவர் கோப்பில் சேர்க்க மாட்டார்.

என் மேஜையில் இப்போது நானூறு ஊர்களின் ஆடுகள் இருக்கின்றன. வேடிக்கை என்ன தெரியுமா? இந்தப் பட்டணத்துக் கடைக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தாடியுமாக ஒரு தாத்தா பரிசு மூட்டையோடு நிற்கிறார். நம் மொழியில் அவர் பெயரும் கிறிஸ்துமஸ் ஆடுதான். ஆனால் கொம்பு இல்லை, வால் இல்லை, ஆட்டு வாடையும் இல்லை. ஏன் அவருக்கு ஆடு என்று பெயர் என்று குழந்தைகள் கேட்டால் அம்மாக்களுக்குத் தெரியவில்லை. என் அட்டைகளில் இருக்கும் பழைய ஆடு எதுவுமே கொடுத்ததில்லை. பண்டிகை முடிந்து, மிச்சம் மீதி இருக்கும்போது வந்து, பீர் கொடு, ரொட்டி கொடு என்று மிரட்டி வாங்கியிருக்கிறது. வெளிநாட்டுப் படங்களிலிருந்து கோட்டும் மூட்டையும் வந்து ஏறின, கொம்பு உதிர்ந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கேட்டவன் எந்த வீட்டில், எந்த வருடம் கொடுப்பவனாக மாறினான் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார் தலைவர். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலத்தில் வேலை அதிகம். வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உன் தம்பி,
ஆர்மாஸ்


யோகிபெரா
18 நவம்பர் 1951

தம்பிக்கு,

இருவரும் நலம். பன்றி அடித்தாகிவிட்டது, உனக்கு ஒரு துண்டு உப்புக்கறி தனியாக அனுப்புகிறேன்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் அப்பா அடுப்பெரிக்க உதவும் என்றார். அரைமணி கழித்துக் கண்ணாடியைத் தேடினார். மூன்று முறை படித்தார். ஏழாவது கேள்வியில் அவருக்குக் கழுத்து சிவந்தது. 'ஆடு குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருமா?' என்று நீ வேண்டுமென்றேதானே கேட்டாய்? "இதை எழுதினவன் ஆட்டையே பார்த்ததில்ல. பேனாவ எடு" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எழுதியது உனக்கு என்று அவருக்குத் தெரியும். ஆனால் உறை மேல் காப்பகத்தின் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். மீத்ரியை 'அன்றைக்கு' பார்த்ததாக எழுதியிருக்கிறாயே, அது எந்த நாள்? அவர்கள் வண்டி வந்து நின்றபோது நீ ஹெல்சிங்கிக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஹெல்வி


காப்பகத்தின் அதிகாரி அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது மரியாதை, அதனால் கேட்கிறேன். பதில்களை என் மகள் எழுதுகிறாள்.

கேள்வி 2, உடை: செம்மறித் தோல் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கணும், ரோமம் வெளிய. முகத்துக்குப் பிர்ச் மரப்பட்டை. கொம்பு கடாவோடது. நீராவிக் குளியல்ல உடம்புல அடிச்சுக்கிற தழைக்கட்டு இருக்கே, அதுதான் வால்.

கேள்வி 4, பேச்சு: ஆடு பேசாது. முகமூடியக் கழட்டாது. உள்ள யாருன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. சொல்றது அநாகரிகம்.

கேள்வி 5, பீர் தராத வீடு: பீப்பாயில இருக்கிற குழாயப் புடுங்கிட்டுப் போயிடும். மறுநாள் வீட்டுக்காரன், ஆடு எந்த வீட்டுல இருக்கோ அங்க வந்து, மேஜையில உக்காந்து, கேட்டு வாங்கிட்டுப் போகணும்.

கேள்வி 6, வேறு விதிகள்: புகைபோக்கியில புகை வர்ற எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. குடிச்ச வீட்டப் பத்தி அடுத்த நூட்டி வரைக்கும் குறை பேசக் கூடாது.

கேள்வி 7, பரிசு: ஆடு கொடுக்காது. ஆடு கேக்கும். கேக்க ஒருத்தன் வந்தாத்தான் அந்த வீட்டுலயும் கொடுக்க ஏதோ இருக்குன்னு ஊருக்குத் தெரியும். எங்க ஊர்ல ஒரு விதவை, பட்டினி வருஷம், அரைக் குவளை மோர்தான் வெச்சிருந்தா. அதை வாங்கிக் குடிச்சேன். அவ அழுதா. தாண்டிப் போயிருந்தா இன்னும் அழுதிருப்பா.

கேள்வி 9, வழக்கம் நின்ற ஆண்டும் காரணமும்: 1945. முப்பத்தொரு புகைபோக்கி இருந்துச்சு. ஒன்னு கூடிப்போச்சு.

குஸ்தா ரெகோலா
நில உரிமையாளர்


ஹெல்சிங்கி
30 நவம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உப்புக்கறி வந்தது, வீட்டுக்காரம்மா வாசனை பிடித்துக்கொண்டே மூன்று முறை கதவைத் தட்டினார்.

அப்பாவின் பதில்களைத் தலைவர் சத்தமாகப் படித்தார். விதவையின் மோர் எனக்கும் புதிது, நம்மிடம் அவர் சொன்னதேயில்லை. ஆனால் நான்கு தாள்தான் வந்திருக்கிறது. ஐந்தாம் தாள் உறைக்குள் இல்லை. தேடி அனுப்பு, இல்லாவிட்டால் கோப்பில் ஏறாது.

இங்கே பனி தொடங்கிவிட்டது. மீத்ரிக்கும் அவர் அக்காவுக்கும் என் வணக்கம்.

ஆர்மாஸ்


யோகிபெரா
9 டிசம்பர் 1951

ஆர்மாஸுக்கு,

சுகம்தான். பனி முழங்கால்வரை. ஐந்தாம் தாளைத் தெரியாது என்கிறார் அப்பா. தெரியாது என்று சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தார்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே நடந்தது இது. பதில்கள் எழுதிய பிறகு அப்பா பரணில் ஏறி முகமூடியை எடுத்துப் பார்த்தார், எலி ஒரு காதைத் தின்றிருந்தது, புதுப்பட்டை வைத்துத் தைத்தார். சரி, வழிக்கு வருகிறார் என்று நேராகக் கேட்டேன். "அந்த வயல நான்தான் கேட்டேன்னு அவன் ஒத்துக்கட்டும், போறேன்" என்றார். ஓடையைத் தாண்டிப் போய் மீத்ரியிடம் சொன்னேன். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "நான் எதையும் கேக்கல ஹெல்வி. எங்க வண்டி இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே வரைபடத்துல வயலக் குறிச்சிட்டாங்க. பழிய ஏத்துக்கிட்டு உங்க அப்பாவ சந்தோஷப்படுத்தலாம். ஆனா பொய்யில ஆரம்பிச்ச கல்யாணத்த பலாகா அக்கா ஒரு நாள் கூட வெச்சிக்க விடாது" என்றார். பலாகா உள்ளே இருந்தே, "ஒரு வேளை கூட விடமாட்டேன்" என்றார்.

நிலம் பிரித்த அன்று அப்பா நிமோனியாவில் படுத்திருந்தார். நம் வீட்டுச் சார்பில் குழுவுக்குப் போனது நீ. குறித்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுது.

ஹெல்வி


யோகிபெரா
28 டிசம்பர் 1951

ஆர்மாஸ்,

கிறிஸ்துமஸ் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன்.

பிறகு கடிகாரப் பெட்டியைத் திறந்தேன். நிலம் பிரித்த வருடம் குழுவிடமிருந்து வந்த காகிதங்களை அப்பா உறையைக்கூடக் கிழிக்காமல் அதற்குள் போட்டது உனக்கு நினைவிருக்கும். அவர் விறகுக்குப் போயிருந்தபோது கெண்டி ஆவியில் உறையைப் பிரித்தேன், படித்தேன், மறுபடி ஒட்டி வைத்தேன். யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது நான், அவிழ்க்க வேண்டிய முடிச்சு உன்னுடையது. நூட்டிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. தபால் மூன்று நாளில் வருகிறது. உனக்குக் கணக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெல்வி


ஹெல்சிங்கி
5 ஜனவரி 1952

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

ஆர்மாஸ் எழுதுவது. உங்கள் உடல்நலத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அக்கா இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள்.

ஆற்றோர வயலைக் குறித்தது நான்தான். மீத்ரி கேட்கவில்லை. குழுவில் என்னிடம், மேட்டு நிலமா, ஆற்றோரமா, வீட்டுக்காரர்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். மேட்டில் கல்லைத் தவிர எதுவும் விளையாது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? முதல் நாள் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்திருந்தேன். அந்த மனிதர் மாட்டுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கல்லைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இது பாதி. மீதி இதைவிட மோசம். நான் இனி உழப்போவதில்லை, பட்டணத்துக்குப் போகப் போகிறேன் என்று அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேண்டாத வயலைத் தாராளமாகக் கொடுத்துவிட்டேன். அது என்னுடையதல்ல, உங்களுடையது. நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் சொல்லியிருக்க வேண்டும். அவன் கேட்டு வாங்கினான் என்று நீங்களே முடிவு கட்டியபோது, எனக்கு அது வசதியாக இருந்தது. ரயில் ஏறிவிட்டேன். அதனால்தான் வரவில்லை. வேலை அதிகம் என்று எழுதியதெல்லாம் பொய்.

மன்னிப்புக் கேட்கிறேன். மீத்ரியிடமும் கேட்க வேண்டும்.

ஆர்மாஸ்


யோகிபெரா
14 ஜனவரி 1952

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே பிரித்திருப்பாய்.

எட்டாம் தேதி உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கடிகாரப் பெட்டியைத் திறந்து, உறையை எடுத்து, நான் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். அதன்பின் மூன்று நாள் விறகு பிளந்தார். இரண்டு குளிர்காலத்துக்குப் போதும் அந்த விறகு. நான்காம் நாள் கஞ்சி குடிக்கும்போது, "ஆறு வருஷம் தப்பான ஆள் மேல கோபப்பட்டிருக்கேன். எவ்வளவு கோபம் வீணாப்போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோட்டை வெயிலில் போடச் சொன்னார்.

நேற்று ஞாயிறு, காலையிலேயே கிளம்பிவிட்டார். ஆறு வருடம் கழித்து ஆட்டைப் பார்த்ததும் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. நான் முன்கூட்டியே மீத்ரி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பீர் காய்ச்ச மாவு கொண்டுவருகிறேன் என்று முந்தின வாரமே சொன்னேன், மீத்ரி மறுத்துவிட்டார். "உங்க வீட்டு பீர உங்க அப்பாவுக்கே ஊத்துறது ஏமாத்து வேலை. எங்க வீட்டுல இருக்கிறதத்தான் கொடுப்பேன்" என்றார். அந்த வீட்டில் இருப்பது தேநீர். கரேலியாவிலிருந்து முதுகில் சுமந்து வந்த பித்தளைச் சமோவார், குழாய் வைத்த தேநீர்க் கொதிகலன், மேஜையில் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆடு வந்தது. முப்பத்திரண்டாவது வீடு. கொம்பு கதவு நிலையில் இடித்தது.

நான் செய்த தப்பு ஒன்றுதான். ஆட்டின் பெயரைச் சொல்லக் கூடாது என்று பலாகாவுக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் வேஷம் கட்டி வருபவனை யார் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு, பெயரைச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றி வந்தார். "வேஷமெல்லாம் எங்க ஊர்ல போன வாரமே முடிஞ்சாச்சு. இது யாரு, நாள் தெரியாத ஆடு? இந்த முழங்கால எனக்குத் தெரியுமே. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குஸ்தாதானே நீங்க? பேர் சொல்லியாச்சு. கழட்டுங்க, உக்காருங்க" என்றார்.

ஊரில் நூறு வருடமாக யாரும் செய்யாத காரியம். அப்பாவின் கை கதவுப்பிடிக்குப் போனது. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது மீத்ரி ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீரை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். ஆடு அவரையே பார்த்தது. கை கதவிலிருந்து இறங்கியது. முகமூடித் தாடியைக் கொஞ்சம் தூக்கி, வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது. குடித்த வீட்டைக் குறை பேசக் கூடாது, அதுவும் தெரிந்துதான் குடித்தது.

பிறகு மேஜையைத் தட்டியது, பீர் எங்கே என்று. மீத்ரி கையை விரித்தார். ஆடு நேராகப் போய்ச் சமோவார்க் குழாயின் திருகைப் பிடுங்கிக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் மேஜை, பாய், தரை எல்லாம் ஓடியது. பலாகா வாளியோடு பின்னாலும் முன்னாலும் ஓடி, "உங்க ஊர் ஆட்டுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று என்னைத் திட்டினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிடுங்கப்பட்ட திருகுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் விளக்கிச் சொன்னபடி, இன்று காலை மீத்ரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு திருகைக் கேட்டு வாங்க வந்தார். அதற்குள் அப்பா முழங்காலோடு வாசல் பனி முழுவதையும் தானே வாரித் தள்ளியிருந்தார். மேஜையில் மூன்று கோப்பை வைத்திருந்தார், பங்கீட்டில் வந்த காப்பி முழுவதையும் போடச் சொன்னார். மீத்ரி படியில் தயங்கி நின்றார். அப்பா உள்ளே இருந்தே பேசினார். "நேத்து உங்க வீட்டுப் பக்கம் ஆடு வந்துச்சாம், கேள்விப்பட்டேன். எதையோ இங்க விட்டுட்டுப் போயிருக்கு. உள்ள வந்து உக்காருங்க, கொடுக்கிறேன்."

மீத்ரி வாசற்படியைத் தாண்டினார்.

வயலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் உன் கடிதத்தை அப்பா அவரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்து, அன்று மாட்டுக்குப் போர்த்திய கோட்டு இன்னும் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கடிதத்தோடு அப்பாவும் ஒன்று எழுதுகிறார். என்னைப் பார்க்கவிடவில்லை.

அன்புடன்,
அக்கா


யோகிபெரா
14 ஜனவரி 1952

ஆர்மாஸுக்கு,

முழங்கால் மோசம். மற்றபடி நலம். உன் இருமலுக்குப் பைன் மரத் தார் மிட்டாய் வாங்கிச் சாப்பிடு.

வயலை நீ கொடுத்தது சரி. சொல்லாமல் போனது சரியில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. நானும் உறையைப் பிரித்துப் பார்க்காமல் ஆறு வருடம் பூட்டி வைத்தவன்தான்.

கோப்பில் கேள்வி ஒன்பதைத் திருத்திக்கொள். வழக்கம் நிற்கவில்லை. புகைபோக்கி முப்பத்திரண்டு.

ஐந்தாம் தாள் தொலையவில்லை. நவம்பரிலேயே எடுத்து வைத்துவிட்டேன். உங்களுக்குப் பிறகு ஆடு யார் என்று அதில் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் தபாலில் வராது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முன்னால் நீ இங்கே வந்து, மேஜையில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்பா